முதலில் கொழுப்பு மாத்திரை, பிறகு ஜெலுசில்

அன்பு மருமகனுக்கு,

அப்பாவின் மாத்திரை டப்பாவை இனி நீதான் பார்த்துக்கொள்ளப்போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். தாம்பரம் மெப்ஸ் தொழில் வளாகத்தில் செகண்ட் ஷிப்ட் முடிந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் பரோட்டா சால்னா சாப்பிட்டு வருகிறவர், ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையைப் போட்ட கையோடு ஒரு மூடி ஜெலுசிலும் குடிக்கிறாராம். இதை நீ மாற்றியே ஆக வேண்டும்.

ஜெலுசில், டைஜீன் போன்றவற்றில் அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடுகள் உண்டு. ரோசுவாஸ்டாடினோடு இவையும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால், ரத்தத்தில் சேரும் மருந்து ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துக் கண்டெடுத்ததிலிருந்து வளர்ந்தது இந்த ஸ்டாடின் மருந்துக் குடும்பம். அதை ஒரு மூடி மருந்தால் வீணாக்கலாமா? மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து ஜெலுசில் குடித்தால் பெரிய இழப்பு இல்லை.

அதே குடும்பத்து அட்டார்வாஸ்டாடின் என்றால் கவலை குறைவு. ரத்தத்தில் அதன் அளவும் குறையும். ஆனால் கெட்ட கொழுப்பு இறங்குவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஜெலுசிலுக்குப் பதில் பாண்டோபிரசோல் என்றால், அது அமிலம் சுரப்பதையே குறைக்கும் வேறு வகை. அதற்கு இந்த 2 மணி நேரக் கணக்கு கிடையாது. ஆக, என்ன மருந்து என்று பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நான்கைந்து மாத்திரை வெட்டித் தரும்போது பெயர் உள்ள பக்கம் கடையிலேயே நின்றுவிடும். பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கு.

இன்னொன்று. சிம்வாஸ்டாடினைத்தான் இரவில் போடச் சொல்வார்கள். ரோசுவாஸ்டாடின் உடலில் நெடுநேரம் தங்குவதால் எந்த வேளையிலும் போடலாம். அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் இரவில்தானே வருகிறது? மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாம்பரம் சானடோரியம் சித்த மருத்துவமனையில் அம்மா வாங்கித்தரும் பற்பம், சூரணம் எல்லாவற்றையும் கொழுப்பு மாத்திரை எழுதித்தந்த டாக்டரிடம் சொல்.

எனக்குப் பெரிய கவலை வேறு. தினமும் ஜெலுசில் தேவைப்படுகிறது என்றாலே அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நெஞ்சில் வரும் எரிச்சலெல்லாம் கேஸ் என்று நம்பிவிடக் கூடாது. வியர்வை, மூச்சுத் திணறல், இடது கையிலோ தாடையிலோ வலி சேர்ந்து வந்தால் ஜெலுசில் பாட்டிலைத் தேடாதே. உடனே 108-ஐக் கூப்பிடு.

அன்புடன்,
மாமா