பி.டி. பருத்தி விதையும் சின்னப் பாக்கெட்டும்

"பி.டி. விதை போட்டும் காயில் புழு இருக்கிறதே, விதை போலியா?" என்ற கேள்வியைக் கேட்காத விதைக் கடைக்காரர் நம்மில் இருக்க மாட்டார். கம்பெனியைக் கைகாட்டித் தப்பிக்கும் முன், விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். அதன் மரபணுவைப் பருத்தியில் சேர்த்ததால், செடியே ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அதைத் தின்னும் காய்ப்புழுவின் குடல் புண்ணாகிப் புழு சாகும். தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகிய சாறு உறிஞ்சிகளை இது ஒன்றும் செய்யாது. "இனி மருந்தே அடிக்க வேண்டாம்" என்று சொல்லி விற்றவர்கள் நம்மிலும் உண்டு. அந்தப் பேச்சுக்குத்தான் இன்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இவ்விதைக்கு மத்திய அரசின் அனுமதி 2002-ல் கிடைத்தது. தமிழகமும் அதில் அடக்கம். இரண்டு மரபணு கொண்ட விதை 2006-ல் வந்தது. ஒற்றை மரபணு விதையை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கிப் பழகிவிட்டதாகக் குஜராத்தின் நான்கு மாவட்டங்களிலிருந்து 2010-ல் செய்தி வந்தது. பின்னர் இரட்டை மரபணுவுக்கும் அதே கதிதான்.

காரணம் நம் மேஜை மீதே இருந்தது. 450 கிராம் விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் சின்னப் பாக்கெட்டில் வந்ததல்லவா? அதை வயலைச் சுற்றி விதைத்தால், விஷம் படாத புழுக்கள் அங்கே வளரும். பி.டி. செடியில் தப்பிய ஒன்றிரண்டு அந்துப்பூச்சிகள் இவற்றோடு இணையும்போது, தாங்கும் குணம் வலுக்காமல் நீர்த்துப்போகும். விவசாயியோ, "இதில் புழு விழுமே" என்று அதைத் தூக்கி எறிந்தார். நாமும் விளக்கவில்லை.

பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று வேறு தீனி உண்டு. அங்கெல்லாம் விஷம் படாத பூச்சிகள் மிஞ்சும். இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பெரும்பாலும் பருத்தி ஒன்றே கதி. அதனால்தான் அது முந்திக்கொண்டது.

இப்போது இரு விதையையும் கலந்தே அடைத்த பாக்கெட்டுகள் வந்துள்ளன. "கலப்பட விதை" என்று திருப்பிக் கொண்டுவருவோருக்கு இதை விளக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி வைக்கவும், கடைசிப் பறிப்பு முடிந்ததும் மாரை வயலில் விடாமல் அகற்றவும் சொல்லலாம்.

அனுமதி பெறாத, களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதையைப் பில் இல்லாமல் தர வருவோரிடம் வாங்க வேண்டாம். வழக்கு நம் மேல்தான் வரும். நாம் போடும் பில்லில் லாட் நம்பர் இருக்கட்டும். காலிப் பாக்கெட்டைப் பத்திரப்படுத்தவும் விவசாயியிடம் சொல்லிவிடுவோம். புகார் வந்தால் அதை வைத்துத்தான் பேச முடியும்.