கேளும் கேள்வியும்

தமிழில் 'கேள்' என்னும் சொல் வினையாக நிற்கும்போது செவிகொடுத்தலையும் வினவுதலையும் குறிக்கும். பெயராக நிற்கும்போது உறவையும் நட்பையும் குறிக்கும். கேளிர், கேண்மை என்பன இப்பெயரின் வழி வந்தவை. கணியன் பூங்குன்றனார் உலகத்தார் யாவரையும் சுட்ட ஆண்ட சொல்லும் இதுவே. இவ்விரண்டின் வேர் ஒன்றா வேறா என்பதை மொழிநூல் வல்லார் ஆய்ந்து உரைக்கட்டும். வாழ்வில் அவை ஒன்றாகவே இயங்குகின்றன. நாம் சொல்வதைக் கேட்பவரையே நாம் கேளிர் என்று கொள்கிறோம். வள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின் அங்குப் பேசப்படுவது கற்றார் வாய்க் கேட்டல். துன்புற்றார் வாய்க் கேட்டல் பற்றி, அதிலும் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவார் வாய்க் கேட்டல் பற்றிச் சில கூற விழைகிறேன்.

கோவில்பட்டி வட்டாரத்தில் இறப்பு நிகழ்ந்த வீட்டுக்குச் சென்று வருவதைத் 'துட்டி கேட்டல்' என்பர். விளாத்திகுளமோ எட்டயபுரமோ, எவ்வளவு தொலைவாயினும் பேருந்து பிடித்துச் சென்று துட்டி கேட்டுவிட்டு வருவர். பகை கொண்டவரும் அன்று வாசலில் வந்து அமர்வர். போற்றத்தக்க வழக்கம் இது. எனினும் இதிலுள்ள ஒரு முரண் என் நெஞ்சை நெடுநாளாக உறுத்துகிறது. தானே தன் உயிரைப் போக்கிக்கொண்டவர் வீட்டுக்கும் ஊர் திரண்டு சென்று கேட்கிறது. அவர் உயிரோடிருந்த முதல் வாரத்தில் எவரும் கேட்டிலர்.

கரிசல் மண்ணின் இயல்பை அறியாதார்க்கு ஒரு சொல். ஈரம் பட்டால் களியாய் ஒட்டும். காய்ந்தால் கையளவு பிளக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம். பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் ஆகியன விளையும். மழை பொய்த்தாலும் கேடு. அறுவடையில் பெய்தாலும் கேடு. 2018ஆம் ஆண்டு முதல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்றது. வீட்டு நகைகள் அடகுக்கடைக்குச் செல்வதும் மீள்வதும் விளைச்சலைப் பொறுத்தே அமையும். தீப்பெட்டி ஆலைக் கூலியைக்கொண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்மாரும் பலர். அத்தகைய வீட்டிலிருந்து வரும் மாணவன் தேர்வில் ஒரு தாள் தோற்றால், தோற்றது தாள் மட்டுமன்று என்று எண்ணுகிறான். வறுமை மட்டுமே உயிர் மாய்க்கக் காரணம் என்று கூறுவது பிழை. மனச்சோர்வு நோய், குடி, குடும்பப் பூசல், காதல் முறிவு எனப் பலவும் பின்னிக் கிடக்கும். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர் என்றும் அவருள் 19,834 பேர் தமிழ்நாட்டினர் என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

இனி, நான் தவறிய ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கரிசல் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன், மாலையில் துறை அறைக்கு வந்து நின்றான். "ஐயா, நான் எல்லாருக்கும் பாரமாயிருக்கேன். இனி வகுப்புக்கு வர முடியாதுன்னு நெனைக்கேன்" என்றான். என் கையில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருந்தன. நான் அவனுக்கு அறிவுரை கூறினேன். 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தை ஏறத்தாழ முழுமையும் விளக்கினேன். இருபது நிமிடங்கள் பேசியிருப்பேன். அவன் பேசியது முதலில் சொன்ன அவ்விரு தொடர் மட்டுமே. "சரிங்கய்யா" என்று வணங்கிச் சென்றான். கடமை ஆற்றிய நிறைவோடு நான் வீடு திரும்பினேன்.

அவனைக் காத்தவன் அவனுடைய அறைத்தோழன். உணவுக்கூடத்துக்கு வராதவனைத் தேடிச் சென்று, சுற்றி வளைக்காமல், "ஏல, சாகணும்னு நெனப்பு வருதா?" என்று கேட்டிருக்கிறான். மற்றவன் அழுதான். தோழன் விளக்கை அணைக்கவில்லை. எங்கும் எழுந்து செல்லவுமில்லை. விடியும் வரை அருகிலிருந்தான். காலையில் விடுதிக் காப்பாளரிடம் சொல்லி, ஊரிலிருந்து தாய்மாமனை வரவழைத்து, இருவரும் அவனை அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அவன் தேறி அடுத்த பருவத் தேர்வை எழுதினான். பின்னொரு நாள் தோழனிடம், "இரவெல்லாம் என்னப்பா பேசினாய்?" என்று கேட்டேன். "நான் ஒன்னும் பேசலைங்கய்யா. அவன் பேசட்டும்னு இருந்தேன்" என்றான். எம்.ஃபில். பட்டம் பெற்ற எனக்கு வாய்க்காத அறிவு அது.

அம்மாணவன் இயல்பாகச் செய்ததை ஒரு முறையாகவே வகுத்தவர்கள் உளர். இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் கிறித்தவ மதகுரு 1935இல் நடத்திய முதல் நல்லடக்கம் 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. பூப்பெய்தியதைக் கொடுநோய் என்று அஞ்சி அவள் உயிர் நீத்திருந்தாள். அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அவளைக் கேட்கவும் ஒருவரும் இல்லை. அத்துயர் அவரை விட்டு நீங்கவில்லை. 1953 நவம்பரில் தம் கோயிலில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக எண்ணுவோர் அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரிலும் பலர் வந்தனர். அவரைக் காணக் காத்திருந்தோர்க்குத் தேநீர் கொடுக்கச் சில தன்னார்வலர் இருந்தனர். நாளடைவில் ஒரு வியப்பை அவர் கண்டார்: தேநீர் கொடுத்தவர்களிடம் மனம் திறந்து பேசிய பலர், குருவைக் காணாமலே ஆறுதலுற்றுத் திரும்பினர். 'சமாரிட்டன்ஸ்' இயக்கம் அவ்வாறு உருப்பெற்றது. கொழும்பில் 1974இல் 'சுமித்ரயோ' தோன்றியது. சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வைத் தொடங்கினார். நட்பு என்னும் பொருளுடைய பெயர். தமிழில் கேண்மை எனலாம்.

இது வெறும் நல்லெண்ணமா, பயன் உண்டா என வினவுவார்க்கு விடை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஊர்களில் நடந்து 2008இல் வெளிவந்தது. உயிர் மாய்க்க முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர்க்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றவர்க்கு அதனோடு ஒரு மணி நேர உரையாடலும், பின் 18 மாதங்களில் ஒன்பது முறை தொடர்புகொண்டு 'எப்படி இருக்கிறீர்கள்' எனக் கேட்டலும். அக்காலத்தில் தற்கொலையால் இறந்தோர் முன்னவருள் 2.2 விழுக்காடு, பின்னவருள் 0.2 விழுக்காடு. ஒன்பது நலவிசாரிப்புகள்! நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பதை எங்கள் வீட்டில் மார்க்கக் கடமையாகவே கற்பித்தனர். காய்ச்சல்காரருக்கு உரிய அவ்விசாரிப்பை மனம் நொந்தவருக்கு ஏன் மறுக்கிறோம்? எல்லாச் சமயங்களும் தன்னுயிர் போக்கலை விலக்கியுள்ளன, மெய்தான். ஆனால் விலக்கை மட்டும் உரத்துக் கூறினால் துன்புற்றவர் தம் எண்ணத்தை மறைக்கவே கற்பார்.

வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று ஆசிரியர் பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பதே மருத்துவர் கருத்து. கேட்ட அளவில் நெஞ்சின் சுமை சிறிது இறங்குகிறது. 'கோழை', 'பெற்றோரை நினைத்துப் பார்த்தாயா' என்னும் சொற்கள் முன்னரே குற்ற உணர்வில் உழல்பவரை மேலும் அழுத்தும். 'இதெல்லாம் ஒரு துன்பமா' என்பது அதனினும் கொடிது. யாரிடமும் சொல்லாதீர் என்று அவர் கேட்டால், ஒப்புக்கொள்ளலாகாது. உயிர் குறித்த செய்தியில் மட்டும் உறுதிமொழி வேண்டா. உடனே ஆபத்து எனத் தோன்றினால் தனியே விடாமல் மருத்துவமனைக்கு உடன் செல்லுதல் வேண்டும். கேட்பவர் மருத்துவர் அல்லர். மருத்துவர் வரை கைப்பிடித்துச் செல்பவர். பிறகும் விட்டுவிடாமல் மறுநாளும் மறுவாரமும் கேட்க வேண்டும்.

வேளாண் வீடுகளுக்கு இன்னொன்றும் உண்டு. சாவெண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து சில நேரத்தில் தணிவது. அவ்வேளையில் கைக்கெட்டும் இடத்தில் கேடு விளைப்பது இல்லையேல் பலர் பிழைப்பர்; பிழைத்தவருள் மிகப் பலர் பின்னர் வாழவே விரும்புகின்றனர். பூச்சிமருந்தை வீட்டில் வையாது, காட்டுமன்னார்கோயில் வட்டாரச் சிற்றூர்களில் பொது அறையொன்றில் குடும்பத்துக்கு ஒரு பூட்டுப் பெட்டி என வைத்துப் பார்த்தனர், உழவர் ஏற்றனர். கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த இலங்கையில், 1995க்குப் பின் இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் நம் ஊர்களில் இத்தகைய பொது அறைகள் அமைதல் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

காவல்துறை வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவார் இன்றும் உளர். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு முயன்றவரைத் தண்டித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் எனக் கொண்டு அரசே பராமரிக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய பிரிவு இல்லை.

வகுப்பறை பற்றி ஒன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும் பிசிராந்தையார் உடனிருந்து உயிர் நீத்ததையும் நட்பின் சிகரம் என்று ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். கேட்டிருக்கும் மாணவருள் மனம் நொந்தவர் ஒருவர் இருக்கலாம் என்பதை நான் முன்னர் எண்ணியதில்லை. வேறொரு காலத்தின் வேறொரு வழக்கை இன்றைய துயரோடு ஒப்பிடல் பொருந்தாது. இப்போது அப்பாடத்தில் புல்லாற்றூர் எயிற்றியனாரைப் பற்றியே நெடிது பேசுகிறேன். மைந்தரோடு பொரப் புறப்பட்ட மன்னனைக் குறுக்கிட்டுத் தடுத்தவர் அவர். உரிய வேளையில் ஒருவர் வந்து பேசினார் என்பது மாணவர் நினைவில் நிற்கட்டும்.

எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் தேர்வுக் கால அட்டவணைக்கு அருகே சில எண்கள் எழுதப்பட்டுள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. சினேகா 044-24640050. அவற்றின் கீழே, துறை அறை மாலை ஐந்து வரை திறந்திருக்கும் என்று நான் சேர்த்தேன். விடைத்தாள்களை இப்போது வீட்டில் வைத்தே திருத்துகிறேன்.