தட்டுப்பாடு என்றால் காலாவதி மருந்தை விற்கலாமா?

கேள்வி: நாங்கள் மலைக்கிராமத்தில் இருக்கிறோம். மாமியாருக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும். மழையில் சாலை துண்டிக்கப்பட்டதால் மருந்து வரத்து இல்லை. ஊரில் இருக்கும் ஒரே மெடிக்கல் ஷாப்பில், போன மாதத்தோடு காலாவதியான மருந்தைக் கொடுத்து, "வேறு ஸ்டாக் இல்லை, ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகாது" என்றார்கள். பில்லும் தரவில்லை. இது சரியா? அதைப் போட்டால் எங்கள்மீதும் வழக்கு வருமா?
- வாசகி, கொடைக்கானல் வட்டம்

பதில்: உங்கள்மீது வழக்கு வராது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940 தயாரிப்பவரையும் விற்பவரையும் விநியோகிப்பவரையும்தான் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் இருப்பதைத் தானே பயன்படுத்துவது அதன்படி குற்றமல்ல.

கடைக்காரர் செய்தது குற்றம். அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை கெடு உண்டு. அதன்பின் விற்கக் கூடாது என்கிறது மருந்து விதிகளின் 65(17). கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்தால்கூட, தனியாகப் பிரித்து 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி வைக்க வேண்டும். தட்டுப்பாட்டுக்கு இதில் விலக்கு இல்லை. சட்டத்தின் பிரிவு 27(டி)-யின்படி 1 முதல் 2 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 20,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். உரிமமும் ரத்தாகலாம்.

பில் இல்லையே என்று தயங்காதீர்கள். பேட்ச் எண்ணோடு மருந்துக் குப்பியையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைப் போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் உதவும். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பாதிப்பு ஏற்பட்டிருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

வழக்கைவிட அவசரமானது மாமியாரின் உடல்நிலை. வீரியம் குறைந்த இன்சுலினால் சர்க்கரை ஏறும். ஊசியை அடியோடு நிறுத்துவதும் ஆபத்து. நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை இன்றே அணுகுங்கள். போக வழியில்லை என்றால் 104-ஐ அழைத்து மருத்துவ ஆலோசனை கேளுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.