விண்பதியம்

திருவொற்றியூரில் தோட்டமிட இடமில்லாத வீடுகளிலும் சன்னலோரம் மணி பிளான்ட் கொடி படர்வதுண்டு. அது பணம் தருகிறதோ இல்லையோ, பசுமை தருகிறது. பசிபிக் பெருங்கடலின் மூரியாத் தீவு அதன் தாயகம். அது பூப்பது மிக அரிதாதலின் விதை கிடைக்காது. முதிர்ந்த கொடியில் அடித்தண்டு இலையுதிர்ந்து வெறுமையாக, நுனி மட்டும் தழைத்திருக்கும். அந்நுனியை வெட்டி நட்டால், வேர்விடுமுன் கடற்காற்றில் வாடக்கூடும்.

விண்பதியம் இவ்விடரைத் தவிர்க்கும். மாதுளைக் கிளையில் செய்வதுபோலப் பட்டையை வளையமாக உரிக்க வேண்டா. ஒருவித்திலைத் தாவரமாகிய இதற்கு அத்தகைய பட்டையே இல்லை. கணுவில் வேர்முளை முன்னரே காத்திருக்கிறது. ஈரத் தென்னைநார்த்தூளை அக்கணுவைச் சுற்றி வைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் பொதிந்து, இருமுனையும் கட்டுக. வேர்கள் தாளினூடே புலப்படும்வரை தாய்க்கொடியே நுனிக்கு நீரூட்டும். பின்னர்க் கணுவின் கீழே வெட்டித் தொட்டியில் நடுக. எஞ்சிய வெறுந்தண்டிலும் புதுத்தளிர் கிளைக்கும்.