டைம்லாப்ஸ் எடுக்க: புவனகிரிப் பக்கத்து மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

புகைப்பட வகுப்பில் செய்முறைத் திட்டம் என்றதும் பலரும் மேகத்தையோ சாலைப் போக்குவரத்தையோ எடுத்துக்கொண்டு வந்து விடுகிறார்கள். புவனகிரி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் அதைவிட அருமையான பொருள்கள் இருக்கின்றன. கைபேசியும் பொறுமையும் இருந்தால் போதும்.

1. எதை எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நடப்பது தெரியும், ஆனால் நடக்கும்போது கண்ணில் படாது; அப்படிப்பட்ட மாற்றம்தான் டைம்லாப்ஸுக்கு ஏற்றது. இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் 1910-லேயே மொட்டு விரிவதை இப்படிப் படமாக்கித் திரையில் காட்டிவிட்டார்.

2. கேமராவைத் தொடுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 25 படம் என்றால் 20 விநாடி வீடியோவுக்கு 500 படம் வேண்டும். எடுக்கப்போகும் நிகழ்ச்சி எத்தனை விநாடி நீளும் என்று பார்த்து 500-ஆல் வகுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் 7,200 விநாடி. ஆகவே ஏறத்தாழ 15 விநாடிக்கு ஒரு படம். ஓடும் மேகத்துக்கு 3 விநாடி. பயறு முளைப்பதற்கு 10 நிமிடம்கூடப் போதும்.

3. வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களுக்கு இட்லி மாவு இருக்கிறது. இதைவிட நல்ல பொருளை நான் சொல்ல மாட்டேன். அரைத்த மாவை உயரமான கண்ணாடி ஜாடியில் பாதி அளவு ஊற்றி, மாவின் மட்டத்தில் வெளிப்பக்கம் ஒரு கோடு போடுங்கள். பின்னால் கறுப்புத் துணி தொங்கட்டும். நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் 8 மணி நேரம் எடுத்தால் 480 படம், அதாவது 19 விநாடிக்குச் சற்றுக் கூடுதலான வீடியோ. மாவு சும்மா உயர்வதில்லை. முதலில் கண்ணாடியோரம் ஊசிமுனைக் குமிழ்கள் தோன்றும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். பிறகுதான் மட்டம் கோட்டைத் தாண்டி ஏறும். சித்திரை, வைகாசியில் சீக்கிரம் பொங்கிவிடும், மார்கழியில் நேரமாகும். இரண்டு பருவத்திலும் எடுத்து அருகருகே வைத்தால் அதுவே முழுத் திட்டம்.

4. இரவில் எடுக்கும்போது ஒரே விளக்கு விடிய விடிய எரிய வேண்டும், ஜன்னலை மூடிவிடுங்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால் சில எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் படபடக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/25-ல் வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

5. பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் படகுச் சவாரியைப் படமெடுக்கப் பார்க்கிறார்கள். ஆடும் படகிலிருந்து டைம்லாப்ஸ் வராது. கரையில் நின்று வேர்களை எடுங்கள். கடல் நீர் ஏறவும் வற்றவும் தலா ஏறத்தாழ ஆறு மணி நேரம். நீர்மட்டம் பெரிதாக மாறாது. தூரத்திலிருந்து எடுத்தால் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். ஆகவே சட்டகத்தைச் சுருக்குங்கள். வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களில் ஐந்தாறு போதும். தண்ணீர் இறங்க இறங்க அவை ஒவ்வொன்றாக வெளியே வரும், ஈரச் சேற்றில் நண்டுகள் நடமாடும். 30 விநாடிக்கு ஒரு படம் எடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் கூடுதலாகத் தெரியும். நேரம் நாளுக்குநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்; முன்தினம் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தருகிலும் இதே முறையில் எடுக்கலாம்.

6. சம்பா நடவு நாளில் வயலுக்குப் போங்கள். வெறும் சேறாக இருந்த வயல் வரிசை வரிசையாகப் பச்சை ஆகும். 10 விநாடி இடைவெளி சரியாக இருக்கும். வயற்காரரிடமும், குனிந்து நடும் பெண்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வரப்பு ஓரமாகக் கேமராவை வையுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். முடித்த வீடியோவை அவர்களிடம் காட்டுங்கள். காட்டாமல் இருப்பது நியாயமில்லை.

7. சிதம்பரம் கோபுரத்தை வீதியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் கேமராவை எடுக்காதீர்கள்.

8. ட்ரைபாட் இல்லையா? இரண்டு செங்கல்லுக்கு நடுவே கைபேசியைச் செருகி, துணிப்பையில் ஒரு படி அரிசி அல்லது மணல் கட்டி முட்டுக் கொடுங்கள். ட்ரைபாட் இருந்தால் நடுத்தண்டில் அந்தப் பையைத் தொங்கவிடுங்கள், கடற்காற்றில் அசையாது. சேற்றில் கால்கள் புதையாமல் அடியில் பலகைத் துண்டு வைக்க வேண்டும்.

9. தானாக மாறும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபோகஸ், ஐ.எஸ்.ஓ., ஷட்டர், வொயிட் பேலன்ஸ் நான்கையும் புரோ மோடில் பூட்டிவிடுங்கள். ஒன்றை விட்டாலும் படத்துக்குப் படம் நிறமோ வெளிச்சமோ மாறி வீடியோ முழுக்க மின்னும். விதிவிலக்கு சூரிய உதயம். சாமியார்பேட்டைக் கடற்கரையில் விடியலை எடுப்பதானால் வெளிச்சத்தை (ஐ.எஸ்.ஓ., ஷட்டர்) மட்டும் தானியங்கியில் விட்டு, மற்ற இரண்டையும் பூட்டுங்கள்.

10. கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் பாதியில் அழைப்பு வந்து எல்லாம் நின்றுவிடும். பவர் பேங்க் இணைந்தே இருக்கட்டும். 4 எம்.பி. வீதம் 500 படத்துக்கு 2 ஜி.பி. இடம் வேண்டும். வெயிலில் கைபேசி சூடேறித் தானே அணைந்துவிடும். மேலே குடை பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள். குளிர்பதன அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் பனி படரும், கால் மணி நேரம் பைக்குள்ளேயே விட்டு வையுங்கள்.

11. கைபேசியில் உள்ள டைம்லாப்ஸ் வசதி பெரும்பாலும் வீடியோவை மட்டுமே தரும். இடைவெளி விட்டுத் தனித்தனிப் படமாகச் சேமிக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். பிறகு வேகத்தையும் வெளிச்சத்தையும் திருத்திக்கொள்ளலாம். இடம், தேதி, தொடங்கிய நேரம், இடைவெளி, ஷட்டர் எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி, படங்களோடு சேர்த்துக் கொடுங்கள். மதிப்பெண் வரும் வரை மூலப்படங்களை அழிக்காதீர்கள்.