ஒன்பது கட்டங்கள், நாற்பத்திரண்டு வழிகள்

மூன்று நிரையும் மூன்று நிரலும் கொண்ட ஒரு சதுரம் வரைவோம். அதன் ஒன்பது கட்டங்களில் 1 முதல் 9 வரையுள்ள எண்களைக் கட்டத்திற்கு ஒன்றாக எழுத வேண்டும். விதி ஒன்றே. எந்த எண்ணும் தனக்கு இடப்பக்கத்தில் ஒட்டியுள்ள எண்ணையும், மேலே ஒட்டியுள்ள எண்ணையும் விடப் பெரியதாக இருக்க வேண்டும். விதி இல்லாவிட்டால் 3,62,880 வகையாக எழுதலாம். விதிக்கு அடங்கியவை எத்தனை?

இத்தகைய கட்டங்களை 1900-ஆம் ஆண்டில் கணிதத்திற்குக் கொண்டு வந்தவர் ஆல்ஃபிரட் யங் என்னும் ஆங்கிலேயர். இவர் 1910 முதல் 1940-இல் இறக்கும்வரை எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள பேர்ட்புரூக் என்ற சிற்றூரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாக இருந்தார். பங்கு மக்களையும் கவனித்து உயர்கணிதமும் ஆராய்ந்த இவரை நினைத்தால், படிக்க நேரமில்லை என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது!

முதலில் இரண்டு நிரை, மூன்று நிரல் கொண்ட சிறிய கட்டத்தைப் பார்ப்போம். மேல் நிரையில் 1 2 3, 1 2 4, 1 2 5, 1 3 4, 1 3 5 ஆகிய ஐந்தில் ஒன்றுதான் வர முடியும். 1 4 5 ஆகாது. 4-க்குக் கீழே 3 வந்துவிடும். 6 எப்போதும் கீழ் வலது மூலையில்தான். ஆகவே விடை 5.

ஒன்பது கட்டங்களுக்கு இப்படியே எழுதிக்கொண்டு போனால் முப்பதைத் தாண்டியதும் எது வந்தது, எது விடுபட்டது என்றே தெரியாது. ஆகையால் பெரிய எண்ணிலிருந்து பின்னோக்கி வருவோம். 9 கீழ் வலது மூலையில் இருந்தே தீரும். அக்கட்டத்தை நீக்கிவிட்டால், 8 அதன் இடப்பக்கத்தில் இருக்கலாம், அல்லது அதற்கு மேலே இருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. எனவே முதலாவதை மட்டும் எண்ணி இரட்டித்தால் போதும்.

8-இன் கட்டத்தையும் நீக்கியபின் நிரைகளில் 3, 3, 1 கட்டங்கள் மிஞ்சும். 7 கடைசி நிரையில் இருந்தால், மிஞ்சுவது நாம் முன்பு பார்த்த சிறிய கட்டமே: 5 வழிகள். இரண்டாம் நிரையின் முடிவில் இருந்தால், 3, 2, 1 என்ற படிக்கட்டு மிஞ்சும். அதன் மூன்று ஓரங்களில் எதிலும் 6 நிற்கலாம். அதை நீக்கினால் கிடைப்பவை 3, 2 அல்லது 2, 2, 1 அல்லது 3, 1, 1. முதலாவது, சிறிய கட்டத்தில் 6-ஐ அழித்ததுதான், ஆகவே 5. இரண்டாவது அதன் பிம்பம், அதுவும் 5. மூன்றாவதில் 1 மூலையில் நிற்க, மற்ற நான்கு எண்களில் எந்த இரண்டு வலப்பக்கம் போவது என்று தேர்ந்தெடுக்க 6 வழிகள். ஆகப் படிக்கட்டுக்கு 16. அதனுடன் 5 சேர்த்தால் 21; இரட்டித்தால் 42. ஒன்றும் விடுபட இடமில்லை.

ஃபிரேம், ராபின்சன், திரால் என்னும் மூவர் 1954-இல் இன்னும் சுருக்கமான வழி ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திற்கும் அதையும், அதன் வலப்பக்கக் கட்டங்களையும், கீழேயுள்ள கட்டங்களையும் சேர்த்து எண்ணி எழுத வேண்டும். நம் சதுரத்தில் 5 4 3, 4 3 2, 3 2 1 என்று வரும். இவற்றின் பெருக்கல் 8,640. அதனால் 3,62,880-ஐ வகுத்துப் பாருங்கள், 42! நான்கு நிரை, நான்கு நிரல் உள்ள சதுரத்திற்கு இதே முறையில் 24,024 வருகிறது. அவற்றை எழுதிப் பார்க்கத் துணியும் தோழியர் நோட்டுப் புத்தகங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளவும்.