மன்னிப்பதும் திரும்பிப் போவதும்

கணவனின் அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணுக்கு எமது கிராமங்களில் வழக்கமாகக் கிடைக்கும் புத்திமதி ஒன்றுண்டு. "எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொல்லியிருக்கு. கடவுள் இணைத்ததைப் பிரிக்கலாமா? பொறுத்துப் போ, பிள்ளை." பெற்றோர் இதைச் சொல்வர், அன்பியத் தலைவர் சொல்வார், சில வேளைகளில் குருவானவரும் சொல்வார். இரண்டுமே நற்செய்தியில் உள்ள போதனைகள்தாம். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அப்பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது நற்செய்தியா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் பரிசேயர் கேட்பது, ஒருவன் எக்காரணத்துக்காகவும் தன் மனைவியை விலக்கிவிடலாமா என்பதே. இக்கேள்விக்குப் பின்னால் அக்கால யூத அறிஞரிடையே நிலவிய ஒரு விவாதம் இருந்தது. மனைவியிடம் தகாத ஒன்றைக் கண்டவன் முறிவுச்சீட்டு எழுதிக் கொடுப்பது பற்றி இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் பேசுகின்றது. ஷம்மாயின் வழிவந்தோர் அதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் விளங்கிக்கொண்டனர். ஹில்லேலின் வழிவந்தோரோ, சமையலைக் கரியவிட்டாலும் அது போதிய காரணமே என்றனர்! சீட்டு எழுதும் உரிமை கணவனிடம் இருந்தது. யேசு இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் சேரவில்லை. படைப்பின் தொடக்கத்துக்கே போய், இருவரும் ஒரே உடல் என்றார். மனைவியை வேண்டாத பொருள்போல் வெளியே போடும் வழியை அவர் அடைத்தார். அவளைக் காத்த அதே வார்த்தையை எடுத்து, அவளை அடிப்பவனோடு கட்டிவைக்கும் கயிறாக நாம் திரித்துவிட்டோம்.

திருமண உறவு முறிக்கப்பட முடியாதது என்பதில் திருச்சபை தளரவில்லை. ஆனால் உறவு நிலைத்திருப்பது வேறு, ஒரே கூரையின் கீழ் வாழ்வது வேறு. மனைவி பிரிந்து போக நேர்ந்தால் மறுமணம் செய்யாதிருக்கட்டும், அல்லது கணவனோடு ஒப்புரவாகட்டும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (1 கொரி. 7:11). பிரிவு நேரும் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் சட்டம் இன்னும் தெளிவானது. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பெரும் ஆபத்து விளைவித்தால், மற்றவர் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு. சாதாரணமாக ஆயரின் ஆணை வேண்டும். தாமதிப்பதே ஆபத்தெனில் அதற்குக் காத்திராமல் தாமாகவே பிரிந்து போகலாம். காரணம் நீங்கினால் சேர்ந்து வாழ்வதே முறை என்றும் அச்சட்டம் சொல்கின்றது. நீங்கினால் என்ற அச்சொல்லைக் கவனியுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் ஊக்கவுரையில், வலுவற்றவரைக் காக்கப் பிரிவு சில வேளைகளில் ஒழுக்கரீதியாகத் தேவையானதாகவும் ஆகலாம் என்றார்.

அப்படியானால் மன்னிப்பு எங்கே போயிற்று? எழுபது தடவை ஏழு முறை என்ற போதனை மத்தேயு 18இல், மணமுறிவு பற்றிய பகுதிக்குச் சற்று முன்னரே வருகின்றது. அதையடுத்து ஓர் உவமை. அரசனிடம் பத்தாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்ட பணியாளன் வெளியே வந்து, தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தை நெரிக்கிறான். நூறு தெனாரியம் என்பது ஏறத்தாழ நூறு நாட்கூலி. இதை வாசிக்கும் நாம் அடிபட்ட பெண்ணை நோக்கி, நீ மன்னிக்காத பணியாளனாகிவிடாதே என்கிறோம். உவமையில் கழுத்தை நெரிப்பவன் யார்? காலையில் அழுது மன்னிப்புப் பெற்று, மாலையில் கசிப்புக் குடித்துவிட்டு வந்து கையோங்கும் கணவனுக்கல்லவா அவ்வுருவம் பொருந்துகின்றது! பெற்ற மன்னிப்பு அவனை மாற்றவில்லை. மன்னிப்பு என்பது பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுவது. அதை அவள் தாய்வீட்டிலிருந்தும் செய்யலாம், அதற்கு ஆண்டுகளும் எடுக்கலாம். ஒப்புரவுக்கோ இருவர் வேண்டும். குற்றம் செய்தவனின் மனமாற்றம் வேண்டும். சகோதரன் குற்றம் செய்தால் கடிந்துகொள், மனம் மாறினால் மன்னித்துவிடு என்னும் போதனையை (லூக்கா 17:3) எமது மறையுரைகளில் ஏனோ அதிகம் கேட்பதில்லை.

உவமையில் இன்னொரு கூட்டத்தினரும் உள்ளனர். நடந்ததைக் கண்டு மனம் வருந்திய உடன்பணியாளர்கள் அரசனிடம் போய்ச் சொல்கிறார்கள். அது குடும்ப விஷயம் என்று ஒதுங்கவில்லை. மாதர் சங்கக் கூட்டத்துக்கு வராதவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லப்படும்போது அது என்ன காய்ச்சல் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.

நடைமுறையில் அறியவேண்டியவை சில. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். இதற்கு விவாகரத்து வழக்குத் தேவையில்லை. பிரிந்து வாழ்ந்து மறுமணம் செய்யாதிருப்பவர், பிரிந்த காரணத்துக்காக நற்கருணையிலிருந்து விலக்கப்படுவதில்லை. பிள்ளைகளின் பராமரிப்பையோ சட்ட உரிமைகளையோ காக்க வேறு வழியின்றி அரச சட்டப்படி விவாகரத்துப் பெறுவதுகூடக் குற்றமாகாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (எண் 2383) கூறுகின்றது.

குழுவாகக் கலந்துரையாட: எமது ஊரில் ஒரு பெண் இரவில் பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால், யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? மறுநாள் அவளது கணவனிடம் போய்ப் பேசப் போகிறவர் யார்?